தேர்தல் முடிவுகளும் ஒரு வியாபாரியின் ஐந்தொகையும்

தேர்தல் முடிந்ததும் யார் வென்றார், யார் தோற்றார் என்பதோடு நாம் கணக்கை மூடிவிடுகிறோம். வியாபாரிக்கு அது போதாது. ஆண்டிறுதியில் இருப்பெடுத்து ஐந்தொகை தயாரிப்பதைப் போல, அண்மைய தேர்தல் முடிவுகளையும் வரவு, செலவு, நிலுவை என்று எழுதிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் எனது பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் புரட்சியில் நம்பிக்கை உள்ளவனல்லன். மாற்றம் நல்லதே ஆயினும் படிப்படியாக வரவேண்டும் என்று கருதும் பழைய போக்குடையவன். 1977இல் இறக்குமதிக் கதவு திறக்கப்பட்ட பின்னர் தலையெடுத்த பல வர்த்தகக் குடும்பங்களைப் போல எங்கள் குடும்பமும் ஐக்கிய தேசியக் கட்சிக்கே வாக்களித்துப் பழகியது. 2024 செப்டம்பர் 21ஆம் திகதி ரணில் விக்கிரமசிங்கவின் எரிவாயு சிலிண்டருக்கே நான் புள்ளடியிட்டேன். டொலரும் எரிபொருளும் இல்லாத நாட்டில் மீண்டும் எல்.சி. திறக்க வழி செய்தவர் என்பதே காரணம். அதற்காக இன்றும் நான் வருந்தவில்லை.

ஆனால் நாடு வேறு விதமாகத் தீர்ப்பளித்தது. 2019இல் 3 வீத வாக்குகளைப் பெற்ற அநுர குமார திசாநாயக்க 42 வீதம் பெற்று, விருப்பு வாக்குகளும் எண்ணப்பட்ட பின்னர் ஜனாதிபதியானார். ரணிலுக்குக் கிடைத்தது 17 வீதமே. அதே ஆண்டு நவம்பர் 14இல் நடந்த பொதுத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களைப் பெற்றது. 2020இல் அதற்கு இருந்தவை மூன்று. அப்போது 145 ஆசனங்களோடு நின்ற பொதுஜன பெரமுன மூன்றுக்கு இறங்கியது. இடம் மாறிய இந்த இரண்டு மூன்றுகளும் நமக்கு ஒரு பாடமாகும்.

பயமும் யதார்த்தமும்

முடிவு வந்த நாட்களில் கடைத்தெருவில் பலர் கலங்கியதை மறுப்பதற்கில்லை. 1987 முதல் 1989 வரை துண்டுக் கடிதத்துக்குப் பயந்து கதவடைத்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஜே.வி.பி. வந்தால் கடையும் களஞ்சியமும் என்னவாகுமோ என்ற அச்சத்தில் புதிய சரக்கெடுக்கத் தயங்கியவர்களும் உண்டு. நடந்தது என்ன? சர்வதேச நாணய நிதியத்துடனான உடன்படிக்கையைப் புதிய அரசு கிழித்தெறியவில்லை. சர்வதேச பிணைமுறிக் கடன் மறுசீரமைப்பை 2024 டிசம்பரில் முடித்தது. 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதிக் கதவையும் திறந்தது. மேடையில் எதைப் பேசினாலும் கதிரையில் அமர்ந்ததும் கல்லாப்பெட்டியைப் பார்த்தே நடக்க வேண்டும் என்பது நாமறிந்த விதிதானே.

மக்கள் மார்க்சியத்துக்கு வாக்களித்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. அரச கஜானாவைச் சொந்தக் கடையாகக் கருதியவர்களுக்கு எதிராகவே வாக்களித்தார்கள். 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதத்துக்கு இறக்கப்பட்டபோது நம்மில் பலர் மகிழ்ந்தோம். அந்த ஓட்டையின் விலையையும் பின்னர் நாமே செலுத்தினோம். 2020 ஒக்டோபரில் ஒரு கிலோ சீனியின் வரி 50 ரூபாவிலிருந்து 25 சதமாகியது. அந்தச் சலுகை நுகர்வோருக்குப் போய்ச் சேரவில்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டது. இவையெல்லாம் ஒரு வர்த்தமானியில் முடிந்த காரியங்கள். எனது வேட்பாளரும் இதில் முற்றாக விதிவிலக்கல்லர். 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. பதிவுக்கான ஆண்டு வருமான எல்லை 8 கோடியிலிருந்து 6 கோடிக்கு இறங்கியது. திறைசேரிக்கு அது அவசியமாக இருந்திருக்கலாம். சிறு வியாபாரி அதை வாக்குச்சீட்டில் நினைவு வைத்திருந்தான்.

பெரும்பான்மை என்னும் சுமை

எனது கவலை வேறு இடத்தில் இருக்கிறது. இந்நாட்டில் பெரும் பெரும்பான்மைகள் நல்ல சகுனமாக இருந்ததில்லை. 1977இல் 168 ஆசனங்களில் 140ஐ வென்ற எங்கள் கட்சியே 1982இல் பொதுத் தேர்தலை நடத்தாமல் சர்வசன வாக்கெடுப்பின் மூலம் பாராளுமன்றத்தின் ஆயுளை நீடித்தது. 2010இல் மஹிந்த ராஜபக்ஷ ஆட்சி 18ஆம் திருத்தத்தைக் கொண்டு வந்தது. 2020இல் கோட்டாபய ஆட்சி 20ஆம் திருத்தத்தைக் கொண்டு வந்தது. கேட்க ஆளில்லாத முதலாளி கணக்கில் கவனமாக இருப்பதில்லை. 159 பேரைக் கொண்ட அரசுக்கும் இது பொருந்தும்.

மக்களும் இதை உணர்ந்திருக்கிறார்கள் போலும். 2025 மே 6ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி மீண்டும் முதலிடம் பெற்ற போதிலும், அதன் வாக்கு 61 வீதத்திலிருந்து 43 வீதத்துக்கு இறங்கியது. இது கடனைத் திருப்பிக் கேட்கும் செயலன்று. தவணையை நினைவூட்டும் செயல்.

நமது பங்கு

2024 நவம்பர் 18இல் பதவியேற்ற அமைச்சரவையில் ஒரு முஸ்லிமும் இருக்கவில்லை. பிரதி சபாநாயகர் பதவி டாக்டர் ரிஸ்வி சாலிக்குக் கிடைத்தது. அமைச்சரவையில் இடமின்மை நியாயமான மனக்குறையே. அதைச் சொல்லத் தயங்கக் கூடாது. ஆயினும் வியாபாரிகள் என்ற முறையில் இன்னொன்றையும் சிந்திக்க வேண்டும். சுங்கத்தில் சரக்கு தங்கினாலும் அனுமதிப்பத்திரம் தாமதமானாலும் "நம்மட மினிஸ்டரிட்ட சொல்லுவோம்" என்பதே பல்லாண்டு வழக்கமாக இருந்தது. அந்தத் தொலைபேசியால் பயனடைந்தவர் சிலரே. வரிசையில் நின்றவர்களோ ஆயிரக்கணக்கானோர்.

மிதவாதியான எனக்கு அரசிடம் சலுகை வேண்டாம். நிலையான விதி வேண்டும். வரி மாறுவதாயின் முன்னறிவித்தல் வேண்டும். ஒரே பொருளுக்கு இரு வியாபாரிகளிடம் இரு விதமாக வரி அறவிடக் கூடாது. இவற்றைத் தனியாளாகக் கேட்டால் எவரும் செவிசாய்க்க மாட்டார்கள். ஊர்தோறும் பெயரளவில் இருக்கும் வர்த்தக சங்கங்கள் எழுத்து மூலம், ஆண்டுதோறும், வரவு செலவுத் திட்டத்துக்கு முன்னரே கேட்க வேண்டும். கேட்பவரின் கணக்குப் புத்தகமும் சுத்தமாக இருக்க வேண்டும். கொப்பியில் ஒன்றும் வருமான வரித் திணைக்களத்துக்கு ஒன்றுமாக எழுதுபவன் எந்த அரசிடமும் நிமிர்ந்து நின்று பேச முடியாது.

அடுத்த தேர்தலில் யாருக்கு வாக்களிப்பது என்பது அவரவர் விருப்பம். அதுவரை ஆளுவோர் எக்கட்சியினராயினும் கணக்குக் கேட்பது நமது கடமை.