ஒரு பட்டன், ஒரு மந்திரம் – 9: டிக்கர்சிவின் பல்லைப் பிடுங்கிய கதை

மேக்ரோ என்றால் என்ன, அதை ஏன் 255 எழுத்துக்குள் அடக்க வேண்டும் என்பதெல்லாம் முடிந்த கதை. மறந்தவர்கள் பழைய இதழ்களைப் புரட்டிக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் 'காஸ்ட்சீக்வென்ஸ்' பற்றி எழுதுவதாக இருந்தது. அதற்குள் கலஹாவிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி வந்து குறுக்கே விழுந்துவிட்டது. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' கிளாசிக்கில் அவர் பிரீஸ்ட். "அண்ணே, யாருக்கு அடி கூடன்னு மேக்ரோவே பார்த்து ஹீல் போடாதா?"

போடாது. ஆனால் கிட்டத்தட்ட அப்படி ஒரு காலம் இருந்தது. 2004 நவம்பரில் விளையாட்டு வெளிவந்த புதிதில், 40 பேர் இறங்கும் ரெய்டில் யாருக்குச் சாபம், யாருக்கு நோய் என்று தேடியே ஹீலருக்குக் கண் பூத்துவிடும். அப்போது வந்ததுதான் டிக்கர்சிவ் என்ற ஆட்ஆன். பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தால் போதும். ஆளைத் தேடுவது, குறிவைப்பது, மந்திரத்தைத் தேர்வது எல்லாம் அதன் பொறுப்பு. 2006 டிசம்பரில், 2.0 பேட்சோடு, பிளிசார்ட் அதற்குத் தடை போட்டது. யாரைக் குறிவைப்பது, எதை ஏவுவது என்பதை நிரல் தானாகத் தீர்மானிக்கக் கூடாது. டிக்கர்சிவ் சாகவில்லை, யாருக்குச் சாபம் என்று காட்டுவதோடு நின்றுகொண்டது. சொடுக்குவது நம் வேலை ஆனது.

அதே பேட்சில்தான் சதுர அடைப்புக்குள் எழுதும் நிபந்தனைகள் வந்தன. ஷிஃப்ட் அழுத்தியிருக்கிறதா, மவுஸ் யார்மேல் நிற்கிறது, அவர் உயிரோடு இருக்கிறாரா என்று அவற்றிடம் கேட்கலாம். ஹெல்த் எவ்வளவு மிச்சம் என்று மட்டும் கேட்க முடியாது.

தம்பியின் ஊருக்குப் பக்கத்தில்தான் லூல்கந்துர தோட்டம். 1867இல் அங்கே 19 ஏக்கரில் தேயிலை வைத்த ஜேம்ஸ் டெய்லர், முதலில் பங்களா விறாந்தையில் மேசை போட்டுக் கையால்தான் கொழுந்தை உருட்டவைத்தார். 1872இல் உருட்டுவதற்குத் தானே ஒரு யந்திரம் செய்தார். உருட்டுவது ரோலர், கொழுந்து வாடியது போதுமா என்று கையில் பிடித்துப் பார்ப்பது டீமேக்கர். மேக்ரோவும் ரோலர்தான், தம்பி.

சரி, தம்பி எழுதி அனுப்பிய மேக்ரோவுக்கு வருவோம். ஃப்ளாஷ் ஹீல் முதல் வரியில், இன்னர் ஃபோகஸ் இரண்டாவதில். ஹீல் ஓதத் தொடங்கிய பிறகு இன்னர் ஃபோகஸுக்கு வழியில்லை. மாற்றி எழுதுங்கள் (விளையாட்டில் ஆங்கிலத்தில்):

#ஷோடூல்டிப் ஃப்ளாஷ் ஹீல்
/காஸ்ட் இன்னர் ஃபோகஸ்
/காஸ்ட் [@மவுஸ்ஓவர்,ஹெல்ப்,நோடெட்][] ஃப்ளாஷ் ஹீல்

இன்னர் ஃபோகஸ் 1.5 வினாடிப் பொதுக் காத்திருப்பில் சேராது. அதனால்தான் ஒரே தட்டலில் இரண்டும் போகின்றன. இரண்டுமே காத்திருப்பில் சேரும் மந்திரங்கள் என்றால் முதலாவது மட்டும்தான் போகும். நிபந்தனைகள் இடமிருந்து வலம் படிக்கப்படும்; முதலில் பொருந்துவது வெல்லும். வெற்று அடைப்பு, மவுஸுக்குக் கீழே ஆள் இல்லாதபோது ஏற்கெனவே குறிவைத்தவருக்குப் போடச் சொல்கிறது. ஐகான் கேள்விக்குறியாகவே நின்றால் மந்திரத்தின் பெயரில் எழுத்துப்பிழை.

காஸ்ட்சீக்வென்ஸ் அடுத்த வாரம். அதுவரை, ஓடாத மேக்ரோவை ஒற்றை வரியாகக் குறைத்துவிட்டு, ஒவ்வொரு வரியாகச் சேர்த்துப் பாருங்கள். எந்த வரியைச் சேர்த்ததும் நிற்கிறதோ, அங்கிருந்து தேடுங்கள்.