புயல் எழுச்சி: அளத்தலும் கணித்தலும்

புயல் கரையை நெருங்கும்போது கடல்மட்டம் வழக்கமான ஓத மட்டத்தைவிட உயர்வது புயல் எழுச்சி எனப்படும். இது அலை அன்று; கடலே சில மணி நேரம் மேடேறி நிற்பது. அலைகள் அதன் மேல் ஏறி வருகின்றன. பழையாறு, பூம்புகார், தரங்கம்பாடி எனச் செல்லும் மயிலாடுதுறை மாவட்டக் கடற்கரையில் சாதாரண நாளில் ஓதம் ஏறி இறங்கும் அளவு ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகவே ஒரு மீட்டர் எழுச்சிகூட இங்கே பெரிது.

காரணம் இரண்டு. காற்றழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ 1 செ.மீ. உயரும்; 40 மில்லிபார் குறைந்தாலும் 40 செ.மீ.தான். பெரிய பங்கு காற்றுக்கே. ஆழ்கடலில் காற்று தள்ளிய நீர் அடிவழியாகத் திரும்பிவிடும். ஆழம் குறைந்த இடத்தில் அதற்கு வழியில்லை, கரையில் குவிகிறது.

வங்கக்கடல் புயலில் காற்று இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. எனவே புயலின் மையம் தரங்கம்பாடிக்குத் தெற்கே கரையேறினால் அவ்வூரில் காற்று கடலிலிருந்து நிலத்துக்கு வீசும்; வடக்கே கரையேறினால் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது நம் கரை முதல் வகையில் இருந்தது. புயலின் பாதை 30 கி.மீ. விலகினாலே ஓர் ஊரின் கணக்கு மாறிவிடும் என்பதை மாணவர்கள் வரைபடத்தில் அம்புக்குறி போட்டுப் பார்த்தால் உடனே விளங்கும்.

காற்றின் வேகத்தை மட்டும் கொண்டும் எழுச்சியைச் சொல்ல முடியாது. 1977 நவம்பர் 12இல் நாகப்பட்டினம் அருகே கரையேறிய புயலில் காற்றும் மழையுமே பெருமளவு அழித்தன. ஒரே வாரத்தில், நவம்பர் 19இல், ஆந்திரத்தின் திவிசீமையில் சுமார் 5 மீட்டர் எழுந்த கடல் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோனது. புயலின் வலிமையோடு கடலடியின் சரிவும் நிலத்தின் தாழ்வும் சேர்ந்தே எழுச்சியை முடிவு செய்கின்றன.

கடலில் சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் மிதவைகளும், துறைமுகங்களில் ஓதமானிகளும், காரைக்காலில் டாப்ளர் ராடாரும் அளவுகளைத் தருகின்றன. ஓதமானி தான் நிற்கும் இடத்தை மட்டுமே சொல்லும். மற்ற ஊர்களில், புயல் ஓய்ந்தபின் வீட்டின் உட்சுவரில் நீர் விட்டுச்சென்ற கறையை அளப்பார்கள். வெளிச்சுவரில் அலை தெறித்த கறையும் கலந்திருக்கும்.

ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம் அட்சர்க் என்னும் கணினி மாதிரியைப் பயன்படுத்துகிறது. கடல் பரப்பு முக்கோணங்களாகப் பிரிக்கப்படுகிறது: ஆழ்கடலில் பெரியவை, கரையோரம் சிறியவை. புயலின் பாதை, அழுத்தம், கடலின் ஆழம், கரை நிலத்தின் உயரம் ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொரு முக்கோணத்திலும் நீரின் ஏற்றம் கணக்கிடப்படுகிறது. சமதரையான டெல்டாவில் நில உயரத்தை அரை மீட்டர் தவறாகக் கொடுத்தாலும் கடல்நீர் எத்தனை வயல்களுக்குள் வரும் என்ற விடை பிழையாகிவிடும்.

இன்னொரு சிக்கல், கார்த்திகையில் புயல் வரும்போது சம்பா வயலில் நிற்பது. கடல் உயர்ந்திருக்கும் நேரத்தில் கடைமடை வடிகால்களில் மழைநீர் கடலில் இறங்காது. முகத்துவாரத்தின் வழியே உப்புநீர் எதிர்த்து ஏறும். கடலை மட்டும் கணக்கிடும் மாதிரி இந்தத் தேங்கிய நீரைக் காட்டாது. ஆற்று வரத்தையும் மழையையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான், பயிர் எத்தனை நாள் நீருக்குள் கிடக்கும் என்பது தெரியும்.