10-க்கு 6 கொடுத்தால் நீங்கள் ‘குறை சொல்பவரா’? ஃபீட்பேக் மார்க்கின் பின்னணி என்ன?

பைக் சர்வீஸ் முடிந்து சாவியைக் கொடுக்கும்போது அட்வைசர் தயங்கியபடி சொல்வார்: “சார், கம்பெனில இருந்து கால் வரும். 10-க்கு 10 சொல்லிடுங்க சார், ப்ளீஸ்.” பலரும் கேட்டுப் பழகிய வசனம்தான். ஒன்றிரண்டு மார்க் குறைந்தால் என்ன ஆகிவிடும்? நமக்கு ஒன்றும் ஆகாது. ஆனால், அவருடைய இன்சென்டிவ் அந்த மார்க்கில் இருக்கலாம்.

எங்கிருந்து வந்தது இந்த 0 - 10?

2003 டிசம்பரில் ‘ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ’ இதழில், ஃபிரெட் ரைக்ஹெல்ட் என்ற நிர்வாக ஆலோசகர் ஒரு கட்டுரை எழுதினார். பக்கம் பக்கமாக கேள்வி வேண்டாம்; ‘எங்களை உங்கள் நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா?’ என்ற ஒரே கேள்வி போதும் என்றார். அதுதான் ‘நெட் புரமோட்டர் ஸ்கோர்’, சுருக்கமாக என்.பி.எஸ்.

கணக்கு எப்படி?

9, 10 கொடுத்தால் நீங்கள் ஆதரவாளர். 7, 8 என்றால் நடுநிலை. 0 முதல் 6 வரை எல்லோருமே குறை சொல்பவர்கள். ஆதரவாளர் சதவீதத்திலிருந்து குறை சொல்பவர் சதவீதத்தைக் கழித்தால் ஸ்கோர். 100 பேரில் 50 பேர் ஆதரவு, 30 பேர் நடுநிலை, 20 பேர் குறை என்றால், ஸ்கோர் 30.

சிக்கல் இங்கேதான். நம்ம ஊரில் 35 எடுத்தால் பாஸ், 60 எடுத்தால் ஃபர்ஸ்ட் கிளாஸ். ‘பரவாயில்லப்பா, நல்லாத்தான் பண்ணாங்க’ என்று நினைத்து 6 போடுகிறோம். அந்தக் கணக்கில் 6-க்கும் 0-க்கும் வித்தியாசமே இல்லை.

ஏன் கெஞ்சுகிறார்கள்?

மார்க்கை சம்பளத்தோடு கட்டிவிட்டால், ஊழியரின் கவனம் சேவையிலிருந்து மார்க்குக்குப் போய்விடும். அளவுகோலையே இலக்காக்கினால் அது நல்ல அளவுகோலாக இருக்காது என்பதை ‘குட்ஹார்ட் விதி’ என்பார்கள். என்.பி.எஸ். தவறாகப் பயன்படுத்தப்படுவதால் அதன் நம்பகத்தன்மை குறைந்துவிட்டதாக, 2021-ல் ரைக்ஹெல்ட்டே அதே இதழில் எழுதினார்.

ஆபீஸ் சர்வேயில் மனம் திறக்கலாமா?

‘பெயர் தெரியாது’ என்பதும் ‘ரகசியமாக வைப்போம்’ என்பதும் ஒன்றல்ல. முதலாவதில் யார் எழுதியது என்று யாருக்குமே தெரியாது. இரண்டாவதில், சர்வே நடத்துபவருக்குத் தெரியும். மேனேஜருக்குச் சொல்ல மாட்டார்கள். உங்களுக்கென்று தனி லிங்க் மெயிலில் வந்தால், பெரும்பாலும் அது இரண்டாவது வகை.

பெயர் கேட்காவிட்டாலும் துறை, வயது, பாலினம், எத்தனை வருட அனுபவம் என்று கேட்டால்? 4 பேர் டீமில் ஒரே ஒரு பெண் இருந்தால், எழுதியது யார் என்று சொல்லவே வேண்டாம். இதனால்தான் பல சர்வே மென்பொருள்கள், குறைந்தது 5 பேராவது பதில் சொன்னால்தான் அந்தக் குழுவின் முடிவைக் காட்டும்.

எது வேலை செய்யும்?

டொயோட்டா 1951-லேயே ஊழியர்கள் யோசனை சொல்லும் திட்டத்தைத் தொடங்கியது. அங்கு யோசனையைப் பெட்டியில் போடுவதோடு வேலை முடியவில்லை. பரிசீலித்து, நல்லதை நடைமுறைப்படுத்தினார்கள். போன வருட சர்வேக்கு என்ன நடவடிக்கை என்று சொல்லாத நிறுவனத்துக்கு, இந்த வருடம் உண்மையான பதில் கிடைக்காது. ‘எதுக்கு சொல்லிக்கிட்டு’ என்று எல்லோரும் 8 போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

* மார்க்கோடு ஒரு வரி காரணமும் எழுதுங்கள். ‘ஆப் சொதப்பியது, டெலிவரி செய்தவர் நல்லா நடந்துகொண்டார்’ என்று பிரித்துச் சொன்னால், தவறு செய்யாதவர் தலையில் விழாது.
* ஆபீஸ் சர்வேயை நிரப்பும் முன், தனித்தனி பதில்களை யார் பார்ப்பார்கள் என்று எச்.ஆரிடம் கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால், கருத்துப் பெட்டியில் உங்களை அடையாளம் காட்டும் சம்பவங்களைத் தவிருங்கள்.
* டீம் லீடராக இருந்தால், வந்த குறைகளில் ஒன்றையாவது சரிசெய்து, ‘நீங்க சொன்னதால மாத்தினோம்’ என்று சொல்லுங்கள். அடுத்த முறை கெஞ்ச வேண்டியிருக்காது.