'கேஸ்' என்று தள்ளிப்போடும் வலி

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு ஒப்பந்த வேலைக்குப் போகிறவர், ஆவடியில் விடியும் முன்பே தெருக்கூட்டக் கிளம்புகிறவர், பூந்தமல்லியில் கட்டட வேலைக்குக் காத்து நிற்பவர் என நம் காலனிகளில் பலருக்கும் ஒரே பழக்கம்தான். வெறும் வயிற்றில் டீ, பொழுது தாண்டிச் சாப்பாடு, வயிறு எரிந்தால் மருந்துக்கடையில் ஒரு 'கேஸ் மாத்திரை'. கூடவே உடம்பு வலிக்கு ஒரு வலி மாத்திரை. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியாதவர்களின் வைத்தியம் இது. அவர்களைக் குறைசொல்ல நாம் வரவில்லை. ஆனால் விடாமல் வரும் அந்த எரிச்சலுக்குப் பின்னால் ஒரு கிருமி இருக்கலாம். அதைக் கவனிக்காமல் விட்டால் சிலருக்கு இரைப்பைப் புற்றுநோய் வரை போகலாம்.

அந்தக் கிருமியின் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. இரைப்பையின் அமிலத்தில் எந்தக் கிருமியும் தங்காது என்றுதான் மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியது. 1982-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள் அதை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினார்கள். மற்றவர்கள் நம்பாததால் 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார். சில நாட்களில் அவருக்கு இரைப்பை அழற்சி வந்தது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, 1994-ல், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் வகையில் சேர்த்துவிட்டது.

பயப்பட வேண்டாம். உலகில் கோடிக்கணக்கானோர் வயிற்றில் இது இருக்கிறது. கிருமி உள்ள 100 பேரில் ஏறத்தாழ 1 முதல் 3 பேருக்கே புற்றுநோய் வருகிறது. அதுவும் அழற்சி, உட்சுவர் தேய்வு என்று பல ஆண்டுகள் மெல்ல நகர்ந்துதான் வருகிறது. அந்த ஆண்டுகள்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம்.

சென்னைக்கு இதில் தனிக் கவலை உண்டு. அடையாறு புற்றுநோய் நிலையம் 1980-களின் தொடக்கத்திலிருந்து நடத்திவரும் பதிவேட்டில், சென்னை ஆண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய்களில் ஒன்றாக இரைப்பைப் புற்றுநோய் நெடுங்காலமாக இருந்துவருகிறது. டெல்லி, மும்பையைவிட இங்கே விகிதம் அதிகம்.

தண்ணீரும் வீடும்

இந்தக் கிருமி பெரும்பாலும் சிறு வயதில்தான் உள்ளே நுழைகிறது. எச்சில், வாந்தி, மலம் கலந்த தண்ணீர், கழுவாத கை ஆகியவை இது பரவும் வழிகள். ஒரே அறையில் ஆறேழு பேர் படுக்கும் வீடு, சாக்கடையை ஒட்டிப் போகும் குடிநீர்க் குழாய், போதிய கழிப்பறை இல்லாத தெரு ஆகியவற்றில் இது எளிதாகப் பரவும்.

இந்த நிலைமையில் யார் வாழ்கிறார்கள் என்று நாம் கேட்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திருவள்ளூர் மாவட்டத்தில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் பட்டியல் சாதியினர். நோய் யாருக்கு வருகிறது என்பதை வயது, பால் வாரியாகச் சொல்லும் அறிக்கைகள் சாதி வாரியாகச் சொல்வதில்லை. ஆனால் தண்ணீர் எப்படிப் பங்கிடப்பட்டது என்ற வரலாறு நமக்குத் தெரியும். பொதுக் கிணற்றையும் பொதுப் பாதையையும் நாம் பயன்படுத்த, 1924-ல் சென்னை மாகாண சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. 1927-ல் மகாத் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடிக்க அம்பேத்கர் போராட வேண்டியிருந்தது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. நல்ல தண்ணீர் கேட்பது மானத்துக்கான போராட்டம், நம் குழந்தைகளின் வயிற்றுக்கான போராட்டமும் அதுவே.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கருவாடும் உப்புக்கண்டமும் நம் வீட்டு உணவு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆபத்து உப்பில் இருக்கிறது. ஊறுகாய்க்கும் இது பொருந்தும். ஊறவைத்து, அலசி, அளவோடு சாப்பிடலாம். பீடி, சிகரெட், குடி ஆகியவை ஆபத்தைக் கூட்டும். பழமும் காய்கறியும் குறைந்த சாப்பாடும் நல்லதல்ல. வலி மாத்திரையைத் தொடர்ந்து விழுங்குவது தனியாகப் புண்ணை உண்டாக்கும்.

யார் சோதிக்க வேண்டும்?

தென் கொரியாவில் 40 வயது தாண்டியவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரைப்பைப் பரிசோதனையை அரசே செய்கிறது. தைவானின் மாட்சு தீவுகளில் 2004 முதல் ஊர் முழுவதையும் சோதித்துக் கிருமியை ஒழித்தார்கள். அங்கே இரைப்பைப் புற்றுநோய் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. நம் அரசின் பரிசோதனைத் திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை, வாய், மார்பகம், கருப்பை வாய் இருக்கின்றன. இரைப்பை இல்லை. ஆகவே நாமாகத்தான் கேட்க வேண்டும்.

பெற்றோர், உடன்பிறந்தவர் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால், முன்பு வயிற்றுப் புண் இருந்திருந்தால், 40 வயதுக்கு மேல் புதிதாக வயிற்றெரிச்சல் தொடங்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். காரணமில்லாமல் எடை குறைவது, கறுப்பாக மலம் போவது, அடிக்கடி வாந்தி, விழுங்கச் சிரமம், ரத்தசோகை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

கிருமியை மலப் பரிசோதனையிலோ மூச்சுப் பரிசோதனையிலோ கண்டுபிடிக்கலாம். புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க எண்டாஸ்கோபி வேண்டும். கேஸ் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். அதனால் எந்த மாத்திரையை எத்தனை நாளாகச் சாப்பிடுகிறோம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று மருத்துவர் சொல்வார்.

கிருமி இருந்தால் பெரும்பாலும் 14 நாள் மருந்து. மூன்றாம் நாள் எரிச்சல் நின்றுவிட்டது என்று நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறிவிடலாம். முடித்து நான்கு வாரமாவது கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டைக் காட்டி மருந்து வாங்குவது கூடவே கூடாது.

அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ தொடங்குங்கள். தேவைப்பட்டால் கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி, ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றுக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையை எடுத்துச் செல்லுங்கள். சந்தேகமிருந்தால் 104-க்குப் போன் செய்யலாம்.

படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. வீட்டில் யார் எத்தனை மாதமாகக் கேஸ் மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள், அவர்களோடு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று கிராமசபை கூடுகிறது. குடிநீர்த் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள், குளோரின் போடுகிறார்களா, குழாய் சாக்கடைக்குள் போகிறதா என்று அங்கே எழுந்து கேளுங்கள். நகர்ப்பகுதியில் இருப்பவர்கள் வார்டு உறுப்பினரிடமும் பகுதி சபையிலும் கேட்கலாம். அரசின் பரிசோதனைப் பட்டியலில் இரைப்பையையும் சேர்க்கச் சொல்லி ஒரு தீர்மானத்தையும் அங்கேயே எழுதிக் கொடுப்போம்.