போருக்குப் பின் எஞ்சியவர்கள்

 

 

போரில் வீழ்ந்தவர்களைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். வீழாமல் எஞ்சியவர்களைப் பற்றிக் கேட்பது குறைவு. தந்தையை இழந்து மகன் வீடு திரும்புகிறான். வென்ற தளபதியின் முன் எதிரியின் உடல் கிடக்கிறது. அந்த நேரத்தில் அவர்கள் செய்வதுதான் பகையை அங்கேயே முடித்து வைக்கிறது, அல்லது பேரப்பிள்ளைகள் வரை இழுத்துச் செல்கிறது. இந்த ஜும்ஆவில் அத்தகைய சிலரை நினைவுகூர்வோம்.

மேல்சித்தாமூர் வட்டாரத்தில் வாழும் நமக்குச் செஞ்சிக் கோட்டை அயல்வீடு போன்றது. 2025-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்த்தபின் வெளியூர் மக்களும் திரளாக வருகின்றனர். தேசிங்கு ராஜன் கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தேஜ்சிங் என்பதே அவர் இயற்பெயர். அவர் தந்தை சொரூப்சிங், மன்னர் ஔரங்கசீப் காலத்தில் செஞ்சிக்குக் கோட்டைத் தலைவராக நியமிக்கப்பட்ட புந்தேலர். தந்தை மறைந்தபின் மகன் கோட்டையை ஏற்றார். ஆற்காட்டு நவாப் சஆதத்துல்லா கான் பல ஆண்டு வரிப்பாக்கியைக் கேட்டார். புதிய மன்னரின் ஒப்புதல் இல்லாமல் அவரது பதவி செல்லாது என்றும் சொன்னார். கேட்கப்பட்ட தொகை எழுபது இலட்சம் ரூபாய் என்பர். இளைஞர் பணியவில்லை. 1714 அக்டோபரில் போர் மூண்டது. நவாபிடம் பல்லாயிரம் வீரர் இருந்தனர். தேசிங்கிடம் ஆயிரம் பேர்கூட இல்லை. இருபத்திரண்டு வயதில் அவர் களத்தில் வீழ்ந்தார்.

அவருடன் வீழ்ந்தவர் அவர் தோழர் மகபத்கான். நாட்டுப்பாடல் 'மோவுத்துக்காரன்' என்று அழைப்பது இவரைத்தான். திருமண மணையிலிருந்தே நண்பனுக்காக எழுந்து வந்தார் என்று பாடல் சொல்லும். அவரது அடக்கத்தலத்தை நீலாம்பூண்டியில் காட்டுகின்றனர்.

இங்கே நம் இளைஞர் சிலருக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. ஒரு முஸ்லிம், முஸ்லிம் நவாபுக்கு எதிராக வாளெடுத்தது தகுமா என்பதே அது. சகோதரர்களே! அது தீனுக்காக நடந்த போரன்று. வரிக்கும் அதிகாரத்திற்கும் நடந்த போர். நவாபின் அலுவலர்களில் பலர் இந்துக்களே. மகபத்கான் செய்ததெல்லாம் கொடுத்த வாக்கைக் காத்ததுதான். வாக்குக் கொடுக்கப்பட்டவர் எந்த மதத்தவர் என்று மார்க்கம் கேட்பதில்லை. இதற்கான சான்றைச் சற்றுப் பின்னர் காண்போம்.

இனி எஞ்சிய நவாபுக்கு வருவோம். அவரைப் புனிதராக்க வேண்டியதில்லை. போரைத் தொடுத்தவர் அவரே. ஆயினும் வென்றபின் எதிரியின் உடலை அவமதிக்கவில்லை. தேசிங்கின் உடல் செஞ்சிக்குக் கொண்டுவரப்பட்டு, அவர்தம் மத வழக்கப்படி உரிய மரியாதைகளோடு எரியூட்டப்பட்டது. செட்டிகுளக் கரையிலுள்ள மேடையை அவ்விடமாகக் காட்டுகின்றனர். அவருடைய இளம் மனைவியும் அத்தீயில் புகுந்தார். உடன்கட்டையை இஸ்லாம் ஒருபோதும் ஏற்காது, அதை வீரமென்று நாம் பாடவும் மாட்டோம். அப்பெண்ணின் நினைவாகவே இராணிப்பேட்டைக்கு அப்பெயர் வந்தது என்று மக்கள் சொல்லி வருகின்றனர். தோற்ற பக்கத்துப் பெண்ணின் பெயரை வென்ற பக்கத்து ஊர் ஒன்று இன்றும் சுமக்கிறது. மூன்று நூற்றாண்டுகள் கழிந்தபின்னும் அந்தப் போரை வைத்து இவ்வட்டாரத்தில் இரு சமுதாயங்களும் பகை வளர்க்காமல், இரு நண்பர்களின் கதையாகவே அதைச் சொல்லி வருவது சாதாரணச் செய்தியன்று.

ஆனால் வென்றவர் எதிரியின் உடலைக் கண்ணியப்படுத்துவதைவிட, இழந்தவர் மன்னிப்பது கடினம். அதற்கு நாம் மதீனாவுக்குச் செல்ல வேண்டும்.

ஹுதைஃபா இப்னுல் யமான் (ரலி) அவர்களை அறிந்திருப்பீர்கள். அவர்தம் தந்தையார் ஹுஸைல், அப்ஸ் குலத்தவர். தம் குலத்தில் நேர்ந்த ஒரு கொலைப் பழியினால் ஊரைவிட்டு மதீனா வந்து, அங்கே ஒரு குலத்தாரோடு உடன்படிக்கை செய்து வாழ்ந்தார். அதனால் 'யமான்' என்ற பெயர் பெற்றார். பழிக்குப் பழி என்னும் வழக்கத்தின் கசப்பை நன்கறிந்த குடும்பம் அது.

பத்ருப் போருக்கு முன் தந்தையும் மகனும் வழியில் குறைஷியரிடம் சிக்கிக்கொண்டனர். முஹம்மதுடன் சேர்ந்து போரிட மாட்டோம் என்று உறுதி வாங்கிய பின்னரே விடுவித்தனர். இருவரும் பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்து நடந்ததைச் சொன்னார்கள். ஒவ்வோர் ஆளும் தேவைப்பட்ட நேரம் அது. அப்படியிருந்தும் நபியவர்கள், கொடுத்த வாக்கை நிறைவேற்றித் திரும்பிச் செல்லுமாறும், எதிரிகளை வெல்ல அல்லாஹ்வின் உதவியைத் தாம் நாடிக்கொள்வதாகவும் கூறிவிட்டார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி இது. மகபத்கானைப் பற்றிய ஐயத்திற்கு இதுவே விடை.

அடுத்த ஆண்டு, ஹிஜ்ரி 3-இல், உஹதுப் போர். முதியவரான யமான் (ரலி) அவர்களையும் ஸாபித் இப்னு வக்ஷ் (ரலி) அவர்களையும் பெண்கள், குழந்தைகளோடு கோட்டையில் இருக்கச் செய்திருந்தனர். வாழ்நாளில் இனி என்ன மிச்சமிருக்கிறது என்று பேசிக்கொண்ட அம்முதியோர் இருவரும் வாளை எடுத்துக்கொண்டு களத்திற்கு வந்துவிட்டார்கள். அவர்கள் வந்ததை எவரும் அறியவில்லை. அந்நேரம் முஸ்லிம்களின் அணி குலைந்திருந்தது. முன்னணியினர் திரும்பிப் பின்னணியினரோடு மோதினர். குழப்பத்தில் முஸ்லிம்களின் வாள்களே யமான் (ரலி) அவர்கள் மீது பாய்ந்தன. சற்றுத் தொலைவில் நின்ற ஹுதைஃபா (ரலி) அதைக் கண்டு, அவர் என் தந்தை, அவர் என் தந்தை என்று கதறினார். வாள்கள் நிற்கவில்லை.

வெட்டியவர்கள் திகைத்து நின்றார்கள். தாங்கள் அவரை அடையாளம் காணவில்லை என்று அல்லாஹ்வின் மீது ஆணையிட்டுச் சொன்னார்கள். அது உண்மையே. தந்தையின் இரத்தம் உலரவில்லை. மகனின் கையிலும் வாள் இருந்தது. அவர் சொன்னது என்ன தெரியுமா? அல்லாஹ் உங்களை மன்னிப்பானாக என்பதே. யூசுஃப் (அலை) அவர்கள் தம் சகோதரர்களுக்குச் சொன்ன அதே சொல் அவர் நாவில் வந்தது. நபி (ஸல்) அவர்கள் அவருக்குரிய தியத்தை, அதாவது உயிருக்கான ஈட்டுத்தொகையை, அளிக்க விரும்பினார்கள். அதையும் அவர் முஸ்லிம்களுக்குத் தர்மமாக விட்டுக்கொடுத்தார்.

இதிலுள்ள சட்டத்தை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். தவறுதலாக ஓர் உயிர் போய்விட்டால், கொன்றவர் மீது பரிகாரமும் இறந்தவர் குடும்பத்திற்குத் தியத்தும் கடமை என்று அந்நிஸா அத்தியாயத்தின் 92-ஆம் வசனம் விதிக்கிறது. குடும்பத்தார் அத்தொகையைத் தர்மமாக விட்டுவிடலாம் என்றும் அதே வசனம் இடம் தருகிறது. ஆக, ஈட்டுத்தொகை உரிமை. விட்டுக்கொடுப்பது அதற்கு மேலான நன்மை. மன்னிக்கச் சொல்லி எவரும் எவரையும் கட்டாயப்படுத்த முடியாது.

திண்டிவனம் – திருவண்ணாமலை நெடுஞ்சாலையில் வாகன விபத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் நம்மிடையே உண்டு. அவ்வீட்டார் நீதிமன்றம் சென்று இழப்பீடு பெற்றால் அதை ஒரு குறையாகப் பேசாதீர்கள். அது அவர்கள் உரிமை. விதவையும் அநாதைகளும் அதைக் கொண்டுதான் வாழ வேண்டும். அநாதைகளின் பங்கை விட்டுக்கொடுக்கப் பெரியப்பாவுக்கோ ஜமாஅத் தலைவருக்கோ அதிகாரமில்லை. அதே நேரம், வேண்டுமென்று செய்யாத ஓட்டுநரையும் அவன் பெற்றோரையும் ஆண்டுக்கணக்கில் சபித்துக்கொண்டிருப்பது அந்த உரிமையில் சேராது. தொகையைப் பெற்றுக்கொண்டு மனத்தால் மன்னிக்கவும் முடியும். இரண்டும் ஒன்றையொன்று தடுப்பதில்லை.

நம் அயலாராகிய மேல்சித்தாமூர்ச் சமணப் பெருமக்களைப் பாருங்கள். ஆண்டுக்கொரு முறை, அவர்தம் நோன்பு நாட்கள் முடிந்தவுடன், ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கும் நாளொன்று அவர்கள் சமயத்தில் உண்டு. நமக்கோ கெடு மூன்று நாட்கள்தாம். அதற்கு மேல் ஒரு முஸ்லிம் தன் சகோதரனோடு பேசாதிருக்க அனுமதியில்லை, இருவரில் ஸலாமை முந்திச் சொல்பவரே சிறந்தவர் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். பாகப்பிரிவினையில் ஒரு வரப்புக்காகப் பதினைந்து ஆண்டுகள் முகம் பாராத அண்ணன் தம்பி ஒரே ஸஃப்பில் தொழுவதை எண்ணும்போது வெட்கமாயிருக்கிறது.

மன்னித்ததனால் ஹுதைஃபா (ரலி) அவர்களின் வீரம் குன்றிவிட்டதா? அகழ்ப்போரின் கடுங்குளிர் இரவில், எதிரிப் பாசறைக்குள் தன்னந்தனியாகச் சென்றுவர நபியவர்கள் தேர்ந்தெடுத்தது அவரைத்தான். எதிரித் தலைவர் அபூஸுஃப்யான் அம்பு எட்டும் தொலைவில் நின்றார். வில்லில் அம்பையும் பூட்டிவிட்டார். எதிரிகளைக் கிளறிவிட வேண்டாம் என்ற நபிகளாரின் கட்டளை நினைவுக்கு வந்ததும் கையை அடக்கிக்கொண்டு திரும்பினார். அந்த அபூஸுஃப்யான் பின்னர் இஸ்லாத்தைத் தழுவினார். நிஹாவந்துப் போரில் தளபதி நுஃமான் (ரலி) ஷஹீதானதும் கொடியை ஏந்தி வெற்றிவரை படையை நடத்தியவரும் ஹுதைஃபா (ரலி) அவர்களே.

இன்னொரு சிறப்பும் அவருக்கு உண்டு. மதீனாவிலிருந்த நயவஞ்சகர்களின் பெயர்களை நபி (ஸல்) அவர்கள் அவரிடம் இரகசியமாகச் சொல்லி வைத்தார்கள். தந்தையை வெட்டியவர்கள் மீதே மனத்தில் பகை வைக்காத ஒருவரிடம்தான் அத்தகைய பட்டியலை நம்பி ஒப்படைக்க முடியும் என்று நமக்குத் தோன்றுகிறது. அவர் அதை எவரிடமும் வெளியிடவில்லை. கலீஃபா உமர் (ரலி) அவர்கள்கூட, ஒரு ஜனாஸா வந்தால் ஹுதைஃபா அதில் கலந்துகொள்கிறாரா என்று பார்ப்பார்கள். அவர் வராவிட்டால் தாமும் அந்த ஜனாஸாத் தொழுகைக்குச் செல்ல மாட்டார்கள்.