செல்லுக்குள் நுழையும் சிவப்பு

1967. ஹங்கேரியின் புடாபெஸ்டில் லேசருக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்துகொண்டிருந்தார் மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர். முதுகை மழித்த எலிகள்மீது வீரியம் குறைந்த ரூபி லேசரைப் பாய்ச்சினார். ஒளி பட்ட எலிகளுக்கு முடி சீக்கிரமாக முளைத்தது. பிறகு, ஆறாத புண்ணோடு வந்த நோயாளிகளுக்கும் அதே ஒளியைக் கொடுத்துப் பார்த்தார். சிவப்பொளிச் சிகிச்சையின் வரலாறு அங்கே தொடங்குகிறது.

ஏன் சிவப்பு? இருட்டில் டார்ச்சை உள்ளங்கையால் மூடினால் விரல்கள் செக்கச்செவேலென்று தெரியும். நீலத்தையும் பச்சையையும் ரத்தம் விழுங்கிவிடுகிறது; சிவப்பு ஊடுருவுகிறது. அதற்கு அடுத்துள்ள, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு இன்னும் ஆழமாகப் போகும். 600 முதல் 1,100 நானோமீட்டர் வரையிலான ஒளிக்குத்தான் இந்த வழி திறந்திருக்கிறது.

உள்ளே போன ஒளி யாரைத் தொடுகிறது? செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதியை, என்றார் ரஷ்ய விஞ்ஞானி டீனா காரு. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் கடைசியில் போய்ச் சேருவது இந்த நொதியிடம்தான். நலிந்த செல்லில் நைட்ரிக் ஆக்சைடு இதில் ஒட்டிக்கொண்டு ஆக்சிஜனுக்கு வழிவிடாமல் நிற்கும்; ஒளி அதை விலக்க, செல்லின் எரிபொருளான ஏடிபியின் உற்பத்தி கூடுகிறது என்பதே பரவலான விளக்கம். ஆனால், இந்த நொதியே இல்லாத செல்களும் 660 நானோமீட்டர் ஒளியில் வேகமாகப் பெருகியதை 2019-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. விவாதம் இன்னும் ஓயவில்லை.

அளவுதான் இங்கே எல்லாம். சில ஜூல் ஒளி செல்லைத் தூண்டும். அளவு மிஞ்சினால் அதே ஒளி செல்லை முடக்கிவிடும். அழகுக்காக முகத்தில் அணியும் முகமூடி விளக்குகளை விற்கும் விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய குறை.

உறுதியான பலன் தெரிந்த இடம் அழகு நிலையம் அல்ல, புற்றுநோய் வார்டு. தலை, கழுத்துப் புற்றுக்குக் கரண்ட் (கதிர்வீச்சுச் சிகிச்சை) வைக்கும்போது வாயெல்லாம் வெந்து புண்ணாகிவிடும். கஞ்சி கூட இறங்காது. வலி தாங்காமல் சிகிச்சையைப் பாதியில் நிறுத்துபவர்களும் உண்டு. இந்தப் புண் வராமல் தடுக்க ஒளிச் சிகிச்சையைப் பன்னாட்டு மருத்துவ வழிகாட்டுதல்களே பரிந்துரைக்கின்றன. வாய்ப் புற்றுநோய் மலிந்த நம் நாட்டில் இது வீடு வீடாகத் தெரிய வேண்டிய செய்தி. புண் வந்த பிறகு கேட்பதைவிட, கரண்ட் வைக்கத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். கட்டி உள்ள இடத்தில் இந்த ஒளி படலாமா என்பதையும் அவர்தான் முடிவு செய்ய வேண்டும்; கடையில் வாங்கிய விளக்கை வீட்டில் வைத்து இதைச் செய்துபார்க்கக் கூடாது.