பாவும் ஊடையுமாய் ஒரு சுவர்

பாக்டீரியாவின் உடலுக்குள் உப்பும் புரதமும் செறிந்திருப்பதால் வெளியிலுள்ள தண்ணீர் சவ்வைத் தாண்டி உள்ளே நுழைந்துகொண்டே இருக்கும்; அழுத்தம் ஏறும். கார் டயரில் இருப்பது ஏறக்குறைய 2 வளிமண்டல அழுத்தம். புண்ணில் சீழ் பிடிக்கவைக்கும் ஸ்டாபிலோகாக்கஸுக்குள் சுமார் 20. மெல்லிய கொழுப்புச் சவ்வு மட்டும் இருந்தால் வெடித்துவிடும். தாங்கிப் பிடிப்பது சவ்வைச் சுற்றியுள்ள செல் சுவர்.

சுவர் என்று பெயர்தானே தவிர, அது செங்கல் கட்டு அல்ல, துணி. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணியை வெளிச்சத்தில் பிடித்தால் பாவும் ஊடையும் சின்னச் சின்னக் கண்களாகத் தெரியும். பெப்டிடோகிளைக்கான் எனப்படும் செல் சுவர்ப் பொருளும் அப்படியொரு வலையே. சர்க்கரை மூலக்கூறுகளைக் கோத்த விறைப்பான இழைகள் ஒரு பக்கம்; அவற்றைக் குறுக்கே பிணைக்கும், இழுத்தால் நீளும் அமினோ அமிலக் கண்ணிகள் மறுபக்கம். துணியில் நூலின் மேல் நூல் படிந்திருக்கும். இங்கே ஒவ்வொரு முடிச்சும் வேதிப் பிணைப்பு.

குடலில் வாழும் ஈ.கோலை குச்சி வடிவம். இதன் வலை சில நானோமீட்டர் தடிமன்தான். உருளை வடிவக் கலத்தில் காற்றடைத்தால் நீளவாக்கில் விழும் இழுவிசையைப் போல இரு மடங்கு சுற்றுவாக்கில் விழும். விறைப்பான இழைகள் பெரும்பாலும் அந்தச் சுற்றுவாக்கிலேயே, பீப்பாயின் இரும்புப் பட்டைபோல ஓடுகின்றன. அதனால் பாக்டீரியா பருக்காமல் நீளமாக வளர்கிறது. பொறியாளர் வரைந்தாலும் இதைவிடச் சிறப்பாக அமையாது.

பென்சிலின், இழைகளைக் குறுக்கே பிணைக்கும் முடிச்சைப் போடவிடாமல் தடுக்கிறது. வளரும் பாக்டீரியா பழைய கண்ணிகளை வெட்டிக்கொண்டே போகும். புதியவை விழாததால் சுவர் நைந்து, சவ்வு பிதுங்கி, உடைகிறது. மனித செல்லுக்கு இந்தச் சுவரே கிடையாது என்பதால் மருந்து அதை விட்டுவிடுகிறது.

இப்படி அழுத்தம் தாங்காமல் உடைவதற்கு நேர்மாறானது ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் நடப்பது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த இனிப்பில், பால் சுண்டி நீர் குறைந்து சர்க்கரை செறிந்திருக்கிறது. இதில் விழும் பெரும்பாலான பாக்டீரியாக்களிலிருந்து தண்ணீர் வெளியேறும், அழுத்தம் இறங்கி, விறைத்து நின்ற சுவர் தளர்ந்து சுருங்கும், வளர்ச்சி நின்றுபோகும். ஆனால் எல்லாம் செத்துவிடுவதில்லை. ஈரம் கிடைத்தால் பிழைத்தவை நீரை இழுத்து மீண்டும் விறைத்து வளரும். பால்கோவா டப்பாவில் ஈரக் கரண்டியைப் போடாதீர்கள்.